பயிற்சி விமானத்தின் மூக்குச் சக்கரம் மடங்கிவிட்டது: தம்பியின் விமானி வேலை என்னாகும்?

பிறைவாசி (பிறை, பினாங்கு)

வணக்கம். கேட்பது என் தம்பிக்காக. வயது 20, தீபகற்பத்தில் ஒரு பறக்கும் பள்ளியில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) படிக்கிறான். இதுவரை 58 மணி நேரம் பறந்திருக்கிறான், அதில் 9 மணி நேரம் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாக. போன வாரம் செஸ்னா 172எஸ்-இல் தனியாகச் சர்க்கியூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) அடித்தபோது விமானம் தரையில் பட்டு எம்பியது. திரும்பப் பட்டு இன்னும் உயரமாக எம்பியது. மூன்றாம் முறை மூக்குச் சக்கரம் முதலில் இறங்கி மடங்கிவிட்டது. புரொப்பெல்லரின் இரண்டு அலகும் வளைந்துவிட்டன. ஓடுபாதையிலேயே நின்றது, தீ இல்லை. தோளில் பெல்ட் அழுத்திய கன்றல், கழுத்து வலி, அவ்வளவுதான் காயம்.

பள்ளி அவனைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கடன் வாங்கிச் சேர்த்த படிப்பு. "இனி எந்த ஏர்லைனும் எடுக்காது" என்று கூடப் படிக்கும் பையன்கள் சொல்லிவிட்டார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: இது எங்கே, எந்தப் பெயரில் பதிவாகும்? ஏர்லைன் விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டுமா? பள்ளி ஒரு கடிதத்தை நீட்டி "விமானச் சேதத்துக்கு நானே முழுப் பொறுப்பு" என்று கையெழுத்து கேட்கிறது, போடலாமா? ஆறுதல் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சர்க்கியூட் வாத்தியார் (பாயான் லெப்பாஸ்)

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம். காரணத்தைக் கீழே ஹேங்கர்காரர்கள் யாராவது இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

"விபத்து" என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் அளந்து வைத்த பொருள் உண்டு. ஐகாவோ என்ற உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் அனெக்ஸ் 13 (விபத்து விசாரணை விதிகள்) சொல்வது இது: பறக்கும் எண்ணத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து எல்லோரும் இறங்கும் வரைக்குள் ஒருவர் இறந்தாலோ, பலத்த காயம் அடைந்தாலோ, விமானத்தின் கட்டமைப்புக்குப் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும் அளவுக்குச் சேதம் வந்தாலோ, விமானமே காணாமல் போனாலோ அது விபத்து. சேதம் எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை நுனி, டயர், பிரேக் போன்றவற்றோடு நின்றுவிட்டால் விபத்துக் கணக்கில் வராது. "பலத்த காயம்" என்பதற்கும் அளவு இருக்கிறது: ஏழு நாளுக்குள் ஆரம்பித்து 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்குவது, விரல் மூக்கு தவிர மற்ற எலும்பு முறிவது, உள்ளுறுப்பில் அடி, இப்படி. தம்பியின் காயம் அதில் வராது. ஆகவே எல்லாம் விமானத்தின் சேதத்தைப் பொறுத்தது. புரொப்பெல்லரோடு போயிருந்தால் "சம்பவம்". மூக்குக்கால் பொருத்தியிருக்கும் ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) நெளிந்திருந்தால் "விபத்து". எப்படி வகைப்படுத்தினார்கள் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த இருபது வருடம் ஒவ்வொரு படிவத்திலும் அவன் எழுதப்போவது அந்த ஒரு சொல்லைத்தான்.

இதில் இரண்டு பாதைகள் தனித்தனியாகப் போகும், போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள ஏஏஐபி என்ற விமான விபத்து விசாரணைப் பிரிவு. அதன் வேலை காரணம் கண்டுபிடிப்பது. பழியோ பொறுப்போ சுமத்துவது அதன் நோக்கம் அல்ல என்று அனெக்ஸ் 13-இலேயே எழுதியிருக்கிறது. விபத்து என்று முடிவானால் முதல்நிலை அறிக்கை 30 நாளில் வர வேண்டும், இறுதி அறிக்கை இயன்றவரை 12 மாதத்தில். முடியாவிட்டால் ஒவ்வொரு ஆண்டு நிறைவிலும் இடைக்கால அறிக்கை. இன்னொன்று, உரிமம் கொடுக்கும் சிஏஏஎம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையமும் பள்ளியும். மாணவர் உரிமத்தில் கை வைப்பதா, மறுபயிற்சியா என்பது அந்தப் பக்கம். தரையிறக்கத்தில் தவறியதும், அனுமதி இல்லாமல் தாழப் பறந்து விழுந்ததும் அங்கே ஒரே தராசில் வைக்கப்படுவதில்லை. முதலாவது திறன் குறை, பயிற்சியால் தீரும். இரண்டாவது விதிமீறல், அதற்கு நடவடிக்கை வரும்.

விசாரணை அறிக்கைகளில் வழக்கமாகப் பெயர் இருக்காது. வயது, உரிம வகை, பறந்த மணி நேரம், பதிவெண், தேதி, இடம் இருக்கும். மலேசியாவில் பறக்கும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதனால் துறைக்குள் யார் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். "பெயர் வரவில்லை, தப்பித்தோம்" என்று அவன் எண்ணிக்கொண்டால் அங்கேதான் தவறு தொடங்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. நினைவிலிருப்பதைக் கைப்பட எழுதி, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். டவர் சொன்ன காற்று, ஃபைனலில் (கடைசி நேர்கோட்டு இறக்கத்தில்) வேகம், எத்தனை டிகிரி ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்), டிரிம் (கைப்பிடி அழுத்தத்தைச் சமன்செய்யும் அமைவு) எங்கே இருந்தது, பவரை எப்போது இழுத்தான், முதலில் எம்பியதும் கை என்ன செய்தது. கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், பிறகு மற்றவர் சொல்லித் தெரிந்தது வேறு பக்கம். அந்த விமானத்தில் ஜி1000 என்ற மின்னணுக் கருவித் திரை இருந்தால் வேகம், உயரம், எஞ்சின் சுற்று எல்லாம் நினைவக அட்டையில் பதிவாகியிருக்கக்கூடும். "65 நாட் (வேக அளவு) இருந்தது" என்று ஊகத்தில் எழுதி, பதிவு 76 காட்டினால், தரையிறக்கப் பிழை நேர்மைக் குறையாகிவிடும். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதட்டும், அதில் குற்றமில்லை. வாக்குமூலம் கொடுக்கும்போது வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் கையொப்பம் இடக்கூடாது. கைப்பேசியில் படமோ காணொளியோ இருந்தால் அழிக்கவும் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது.

லாக்புக்கில் அந்தப் பறப்பைக் கண்டிப்பாக எழுத வேண்டும். புறப்பட நகர்ந்த நொடியிலிருந்து கடைசியாக நின்ற நொடி வரை பறந்த நேரம், அது எப்படி நின்றிருந்தாலும் சரி. குறிப்புப் பகுதியில் ஒரே வரி: "தரையிறக்கத்தில் மூக்குக்கால் மடங்கியது, பள்ளி அறிக்கை எண் இன்னது." பக்கத்தைக் கிழிப்பது, வெள்ளை மை பூசுவது எல்லாம் விபத்தைவிடப் பெரிய கேடு. பள்ளியின் பறப்பு அனுமதித் தாளிலும் விமானத்தின் டெக் லாக் என்ற பராமரிப்புப் புத்தகத்திலும் அதே நேரம் எழுதியிருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

ஹேங்கர்_கை (சுபாங்)

பள்ளி ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை எஞ்சின் பக்கமிருந்து சொல்கிறேன்.

172எஸ்-இல் இருப்பது லைகமிங் ஐஓ-360. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் புரொப்பெல்லர் தரையில் அடித்தால் அந்த அதிர்ச்சி கிராங்க்ஷாஃப்ட் வழியாகப் பின்பக்கம் வரை போகிறது. அங்கே கிராங்க்ஷாஃப்ட் கியரைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டும் ஒரு சிறு டவல் ஊசியும் உண்டு. அவை தளர்ந்தால் எஞ்சின் ஆகாயத்தில் நின்றுவிடும். அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2004-இல் 2004-10-14 என்ற கட்டாய உத்தரவைப் போட்டது: புரொப்பெல்லர் அடிபட்ட லைகமிங்கில் அந்தக் கியர், போல்ட், பூட்டுத் தகடு, டவல் எல்லாவற்றையும் ஆய்ந்தே ஆக வேண்டும். லைகமிங்கின் சொந்த அறிவிப்பான 533 அதற்கும் மேலே போய் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. புது புரொப்பெல்லர், எஞ்சின் பிரிப்பு, மூக்குக்கால், எல்லாம் சேர்ந்தால் விமானம் பல மாதம் ஹேங்கரில் உட்காரும். பள்ளிக்கு வருமானம் நின்றுபோகும். கடிதம் நீட்டுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

செஸ்னாவில் மூக்குக்கால் மேலும் கீழும் இரண்டு இடத்தில் ஃபயர்வாலோடு பிணைந்திருக்கிறது. மூக்கு முதலில் பட்டால் அடி நேராக அந்தத் தகட்டில் இறங்கும். கீழ்ப்பகுதியில் சுருக்கம், தலை தெறித்த ரிவெட், அருகிலுள்ள அடித்தகட்டில் நெளிவு, இவைதான் அடையாளம். இதைப் பார்த்துத்தான் "சம்பவமா விபத்தா" என்று முடிவாகும். பழைய கடினத் தரையிறக்கங்களால் முன்பே நெளிந்திருந்த ஃபயர்வாலும் உண்டு, அதையும் பராமரிப்புப் பதிவில் விசாரணைக்காரர்கள் தேடுவார்கள். தம்பி அதைத் தானாக எடுத்து வாதாட வேண்டாம். அது அவர்கள் வேலை.

இப்போது கடிதம். பயிற்சி விமானங்களுக்கு ஹல் இன்சூரன்ஸ் (விமானச் சேதக் காப்பீடு) இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு தொகையை உரிமையாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், மிச்சத்தை நிறுவனம் கொடுக்கும். "முழுப் பொறுப்பு" என்று மாணவன் எழுதிக் கொடுத்தால், பள்ளி அந்தத் தொகையை அவனிடம் கேட்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனமும் கட்டிய பணத்தை அவனிடமிருந்து வசூலிக்க அதை ஆதாரமாகக் காட்ட முயலலாம். விசாரணை முடியாத நிலையில் "முழு" என்ற சொல்லை யாரும் எழுதித் தர முடியாது. பதிலாக இப்படிச் சொல்லலாம்: "நடந்ததை எழுதித் தருகிறேன், பொறுப்பு பற்றி ஒப்பந்தத்தில் உள்ளபடி பேசுவோம்."

சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடம் பாருங்கள்: விமானச் சேதம் பற்றிய பிரிவு கவனக்குறைவை மட்டும் சொல்கிறதா, எல்லாச் சேதத்தையும் சொல்கிறதா, கூடுதல் பயிற்சி மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுவது, பெற்றோர் உத்தரவாதக் கையெழுத்து போட்டிருக்கிறார்களா. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் இதில் வீண் செலவு ஆகாது.

அன்றைய பறப்பு அனுமதித் தாளின் நகலும், அந்த மணி நேரத்து மெட்டார் வானிலைக் குறிப்பும் கையில் இருக்கட்டும். 172எஸ் கையேடு சொல்லும் குறுக்குக்காற்று 15 நாட். அது சோதித்துக் காட்டிய அளவு, சோலோ மாணவருக்குப் பள்ளிகள் வைக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. பயிற்றுநர் கையெழுத்தும் காற்றும் வரம்புக்குள் இருந்திருந்தால், தம்பி தனக்குக் கொடுத்த அனுமதிக்குள் பறந்தான் என்பதற்கு அவையே சான்று.

பிறைவாசி

இரண்டு அண்ணன்மாருக்கும் மிக்க நன்றி. கையெழுத்து போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தில் "கவனக்குறைவால்" என்றுதான் இருக்கிறது.

ஏர்லைன் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது? படிவத்தில் விபத்து என்று மட்டும் கேட்டு, இது சம்பவம் என்று முடிவாகியிருந்தால் என்ன எழுதுவது? எழுதியதும் கம்ப்யூட்டரே தள்ளிவிடுமா?

தேர்வறை (கோலாலம்பூர்)

படிவத்தில் கேட்ட கேள்விக்கு, கேட்ட சொல்லில் பதில். "விபத்து" என்று மட்டும் கேட்டு, அதிகாரபூர்வ வகை "சம்பவம்" என்றிருந்தால் "இல்லை" என்பது உண்மையான பதில். ஆனால் பெரும்பாலான படிவங்கள் அப்படிக் கேட்பதில்லை. விபத்து, சம்பவம், விசாரணை, உரிமம் நிறுத்தம், தோற்ற பரிசோதனை, பாதியில் விட்ட பயிற்சி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கும். அங்கே "ஆம்" போட்டு, நான்கு வரி எழுத வேண்டும்: தேதி, விமான வகை, அப்போது மொத்த மணி நேரம், என்ன ஆனது, எந்த மறுபயிற்சி முடித்து எப்போது மீண்டும் சோலோ போனான். காரணம் சொல்லி நியாயப்படுத்தப் படிவத்தில் இடமில்லை, வேண்டியதுமில்லை.

"ஆம்" என்ற ஒரு குறியால் கோப்பு வடிகட்டப்படலாமா? விண்ணப்பங்கள் குவிந்து இடம் குறைவாக இருக்கும் காலத்தில் நடக்கலாம், மறைக்கமாட்டேன். ஆனால் "இல்லை" என்று பொய் எழுதி உள்ளே போனவனுக்கு ஆபத்து வேலையில் சேர்ந்த பிறகும் தீராது. நியமனக் கடிதங்களில் "தவறான தகவல் தந்தது தெரிந்தால் வேலை நீக்கம்" என்ற வரி வழக்கமாக இருக்கும், அதற்குக் காலவரை கிடையாது. பள்ளியிடம் பயிற்சிக் கோப்பை நேரடியாகக் கேட்பதும் உண்டு. அதே பள்ளியில் படித்தவர்கள் ஏற்கெனவே ஏர்லைனில் பறந்துகொண்டிருப்பார்கள்.

ஏர்லைன்கள் இதில் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 23 அன்று அட்லஸ் ஏர் 3591, ஒரு 767 சரக்கு விமானம், ஹூஸ்டன் அருகே டிரினிட்டி பே நீரில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். துணை விமானி தன் பழைய பயிற்சித் தோல்விகளை வேண்டுமென்றே மறைத்ததால், அவரை முழுமையாக மதிப்பிடும் வாய்ப்பு நிறுவனத்துக்கு இல்லாமல் போனது என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி தன் அறிக்கையில் எழுதியது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2009-இல், பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407-இலும் கேப்டனின் பழைய தேர்வுத் தோல்விகள் விண்ணப்பத்தில் முழுதாக வரவில்லை என்பது வெளிவந்தது. தேர்வுக்குழுவில் உட்காருபவர்கள் இவற்றை மனத்தில் வைத்துத்தான் கோப்பைப் புரட்டுகிறார்கள். மறைத்த ஒரு சின்ன விஷயம், சொன்ன ஒரு பெரிய விஷயத்தைவிட அவர்களைப் பயமுறுத்தும்.

எடை எப்படி விழும் என்று என் கணிப்பு: 58 மணி நேரத்தில் சோலோ சர்க்கியூட்டில் ஒரு தடவை எம்பித் தரையிறங்கியது, பிறகு சுத்தமான பதிவு, இது நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி, அவ்வளவே. எரிபொருள் தீர்ந்து இறங்கியது, மோசமான வானிலை தெரிந்தும் உள்ளே போனது, அனுமதியில்லாமல் ஆள் ஏற்றியது, இவை கைத்திறன் பற்றியவை அல்ல, தீர்மானம் பற்றியவை. இவற்றைத் தாண்டுவது கடினம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: விபத்து ஒன்றுதான், ஆனால் பயிற்சிக் கோப்பில் அதற்கு முன்பே பத்து இடத்தில் "ஃபிளேர் (தரைதொடும் முன் மூக்கை உயர்த்துவது) சரியில்லை" என்றும், பிறகும் இரண்டு ஸ்டேஜ் செக் (கட்டத் தேர்வு) தோல்வி என்றும் இருந்தால், குழு அதை நடத்தைப் போக்காகப் படிக்கும். ஆகவே விபத்துக்குப் பிந்தைய பக்கங்கள்தான் அவனுக்கு வழக்கறிஞர்.

ஏர்லைன் செலவில் படிக்கும் கேடட் என்றால் நிலை வேறு. அங்கே படிக்க வைப்பதும் வேலை தருவதும் ஒரே நிறுவனம். மறுஆய்வுக் குழு கூடி, தொடர்வதா நிறுத்துவதா என்று அப்போதே முடிவு செய்துவிடும். தம்பி சொந்தச் செலவில் படிப்பதால் அந்தக் கத்தி இப்போது தலைமேல் இல்லை.

நேர்முகத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பழகட்டும். என்ன நடந்தது, நான் எந்த இடத்தில் எதைச் செய்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு எப்படிப் பழகினேன். "காற்று திடீரென்று", "பயிற்றுநர் சொல்லித்தரவில்லை" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பேனாவை எடுத்துவிடுவார். உண்மையிலேயே காற்று காரணமாக இருந்தாலும் முதலில் தன் முடிவைச் சொல்ல வேண்டும், பிறகு காற்று. அழுது குற்றம் ஒப்புக்கொள்வதும் தேவையில்லை. வலது இருக்கையில் ஒரு தவறு நடந்தால் இவன் கேப்டனிடம் எப்படிச் சொல்வான் என்பதைத்தான் அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல எஞ்சின் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கோடு (கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதியோடு) கூடிய சிபிஎல், ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி உரிமம்) தாள்கள், ஐகாவோ ஆங்கிலம் குறைந்தது 4-ஆம் நிலை, கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ், இவை எல்லோரிடமும் இருக்கும். வரிசையில் முன்னால் நிற்க வைப்பது தாள்களை முதல் முயற்சியில் தேறியதும், சிமுலேட்டரில் ஆட்டோபைலட் இல்லாமல் நிதானமாகப் பறப்பதும்தான். அதில் மிச்சம் வைக்காமல் உழைக்கட்டும். சிபிஎல் முடிந்ததும் பயிற்றுநர் தகுதி எடுத்து மணி நேரம் சேர்ப்பதும் நல்ல வழி. நூற்றுக்கணக்கான மாணவர் தரையிறக்கங்களைச் சரிசெய்தவன் மேல் அந்தப் பழைய வரி பெரிதாக ஒட்டாது.

செந்தூல் டாக்டர்

கழுத்து வலி என்று எழுதியிருந்ததால் சுருக்கமாக. வேகம் திடீரென்று நின்ற அடியில் கழுத்துத் தசை வலி ஓரிரு நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால் உடனே பார்த்து, குறிப்பை வாங்கி வைக்கவும். தலை அடிபட்டதா, ஒரு நொடியாவது நினைவு தப்பியதா, தரைபட்டதிலிருந்து கதவைத் திறந்தது வரை எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். நினைவில் இடைவெளி இருந்தால் அது விமான மருத்துவத்தில் பெரிய கேள்வி, ஏனென்றால் இடைவெளி எவ்வளவு நீளமோ அதற்கேற்ப பின்னாளில் வலிப்பு வரும் அபாயத்தை மதிப்பிடுவார்கள்.

கிளாஸ் 1 சான்றிதழ் கையில் இருப்பதால் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. உடல்நிலை குறைந்தது தெரிந்தால் உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. சான்றிதழ் கொடுத்த விமான மருத்துவரிடமே போய் நடந்ததைச் சொல்லட்டும்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்கிறீர்கள். முதல் சில வாரம் இது இயல்பு. தரையிறக்கம் திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, ஓடுபாதையைக் கண்டாலே நெஞ்சு படபடப்பது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "பார்த்தால் கிளாஸ் 1 போய்விடும்" என்று பையன்கள் பயந்து ஒளிப்பார்கள். சீக்கிரம் வந்து பேசித் தீர்த்துக்கொண்டவரின் கோப்பு லேசாக இருக்கும். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு காக்பிட்டில் ஏறுவதுதான் உண்மையில் சான்றிதழைப் பறிக்கும். வீட்டில் அம்மா அப்பா இப்போதைக்குக் கடனைப் பற்றி அவன் காதில் விழும்படி பேசாமல் இருந்தால் பெரிய உதவி.

பிறைவாசி

டாக்டருக்கு நன்றி. நினைவு தப்பவில்லை, எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்கிறான். நாளைக்கே கூட்டிப் போகிறோம்.

பள்ளி அடுத்த மாதம் மறுபயிற்சி தருவதாகச் சொல்லியிருக்கிறது. வெறும் நாலு சர்க்கியூட் அடிக்கவிட்டு முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

சர்க்கியூட் வாத்தியார்

நல்ல கேள்வி. தேர்வறை சொன்ன "பிந்தைய பக்கங்கள்" இங்கேதான் எழுதப்படுகின்றன.

என்ன நடந்திருக்கும் என்று முதலில் புரிய வேண்டும். 172எஸ் முழு ஃபிளாப்பில் 60 முதல் 70 நாட் வரை அப்ரோச் (தரையிறங்க நெருங்கும் வேகம்). 65-க்குப் பதில் 75-இல் வந்தால் 10 நாட்தானே என்று தோன்றும், ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதோடு சோலோவில் பக்கத்து இருக்கை காலி, எழுபது எண்பது கிலோ குறைவு. விமானம் தரையோரம் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து சக்கரத்தைத் தரையில் வைக்கப் பார்த்தால், இறக்கையில் இன்னும் தூக்குவிசை இருப்பதால் எம்பும். எம்பியதும் மூக்கு மேலே தெரியும், பயத்தில் கை யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) முன்னே தள்ளும். விமானம் தள்ளலுக்குத் தாமதமாகப் பதில் சொல்லும், அதற்குள் கை இழுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வளர்ந்து, மூன்றாவது தொடுதலில் மூக்கு முதலில் இறங்கும். தம்பிக்கு நடந்தது வரிக்கு வரி இதுதான்.

கற்க வேண்டியது: சின்ன எம்பலில் மூக்கின் நிலையைப் பிடித்துக்கொண்டு, தேவையானால் கொஞ்சம் பவர் கொடுத்து, தானாக இறங்க விடுவது. பெரிய எம்பலிலும், எந்த இரண்டாவது எம்பலிலும் விவாதமே இல்லை, உடனே கோ-அரவுண்ட், அதாவது தரையிறங்காமல் பவர் கொடுத்து மீண்டும் ஏறுவது. யோக்கை முன்னே தள்ளித் தரையைத் தேடக் கூடாது. கோ-அரவுண்டுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். தரையிறங்க டிரிம் செய்த விமானத்தில் முழு பவர் கொடுத்தால் மூக்கு பலமாக மேலே ஏறப் பார்க்கும், இடது பக்கம் இழுக்கும். யோக்கில் முன்னழுத்தம், வலது ரட்டர் (வால் சுக்கான்), ஃபிளாப்பை 20-க்கு, ஏறுவது உறுதியானதும் மிச்சத்தைப் படிப்படியாக. இதை உயரத்தில் 3,000 அடியில் செய்து பார்த்துவிட்டுத் தரைக்கு வர வேண்டும்.

ஆகவே பள்ளியிடம் இப்படிக் கேளுங்கள். மறுபயிற்சித் திட்டம் எழுத்தில் வேண்டும், தலைமைப் பயிற்றுநரான சிஎஃப்ஐ கையெழுத்தோடு. முதல் நாள் சர்க்கியூட் வேண்டாம், பயிற்சிப் பகுதிக்குப் போய் மெதுவேகப் பறப்பும் ஸ்டாலும் (இறக்கை தூக்குவிசை இழக்கும் நிலை) செய்து கையைத் தளர்த்திக்கொள்ளட்டும். அடுத்து ஓடுபாதை மேல் ஓரடி உயரத்தில் தொடாமல் முழு நீளமும் பறந்து கோ-அரவுண்ட், ஃபிளேரின் கண் அளவு அதில்தான் படியும். பிறகு பயிற்றுநர் வேண்டுமென்றே எம்ப வைத்து, மாணவன் மீட்க வேண்டும். முழு ஃபிளாப், பாதி, ஃபிளாப் இல்லாமல், குறுக்குக்காற்றில், எல்லாம் தனித்தனி வரியாகக் கோப்பில் வரட்டும். கடைசியில் இதுவரை அவனோடு பறக்காத வேறொரு பயிற்றுநர் ஸ்டேஜ் செக் செய்ய வேண்டும். மணி நேரத்துக்கு முன்கூட்டி எண் போடாதீர்கள். "தொடர்ந்து இத்தனை தரையிறக்கம், வேகம் இலக்கிலிருந்து 5 நாட்டுக்குள், நடுக்கோட்டில்" என்று அளவுகோல் போடச் சொல்லுங்கள். நேரத்தைப் பார்த்தால் மதியத்து இடிமேகமும் மேற்குக் கரையின் விடியற்காலைச் சுமத்ராப் புயலும் இல்லாத காலை வேளையைக் கேட்டு வாங்கட்டும், முதல் சில நாளுக்கு மட்டும். அப்புறம் காற்று இருக்கும் நாளையும் தவிர்க்கக் கூடாது.

முடிந்ததும் அந்த முழுக் கோப்பின் நகலையும் வாங்குங்கள். பள்ளி தனியார் நிறுவனம் என்றால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தன்னைப் பற்றிய தரவை எழுத்தில் கேட்க அவனுக்கு உரிமை உண்டு, 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசாங்கத் துறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் ஏஏஐபியிடம் இந்த வழியில் கேட்க முடியாது, அவர்கள் அறிக்கை வெளியிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பள்ளிகள் மூடுவதும் கை மாறுவதும் இந்தத் துறையில் சாதாரணம். ஐந்து வருடம் கழித்து ஏர்லைன் கேட்கும்போது அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் தேடித் தர ஆள் இருக்கிறாரோ இல்லையோ, தம்பியின் அலமாரியில் ஒன்று இருக்கட்டும்.

பிறைவாசி

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது எம்பலில் என்ன செய்தோம் என்று அவனே கையை முன்னே தள்ளிக் காட்டினான். நோட்டுப் புத்தகத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறான். திட்டத்தை எழுத்தில் கேட்டு இன்றைக்கே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம்.

ஹேங்கர்_கை

மின்னஞ்சலில் பதிவெண்ணையும் தேதியையும் தலைப்பிலேயே போடுங்கள், தங்கச்சி. பள்ளி ஃபயர்வால் ஆய்வு முடிவைச் சொன்னதும் இங்கே எழுதுங்கள், அந்தப் பழுதுக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள உதவுகிறேன்.